வாசலில் எந்த விளக்கு? – வாசகர் கேள்வி, பதில்

சென்ற இதழில் வீட்டு வயரிங் பற்றிய கேள்விகளுக்குப் பதிலளித்தபோது, முன்வாசல் விளக்கைப் பற்றிப் போகிற போக்கில் இரண்டு வரி எழுதியிருந்தேன். அந்த இரண்டு வரிகளைப் பிடித்துக்கொண்டு வந்த கடிதங்கள் மற்ற எல்லாவற்றையும் விட அதிகம். ஆகவே இம்முறை வாசல் விளக்குக்கு மட்டுமே இடம். ஒரே விடயத்தைப் பலர் கேட்டிருந்த இடங்களில் ஒரு கடிதத்தை மாத்திரம் தெரிந்தெடுத்து, சுருக்கித் தந்திருக்கிறேன்.

கேள்வி: ஐயா, தோட்டத்தில் 7 பேர்ச்சஸ் காணியில் கட்டப்பட்ட 550 சதுர அடி வீட்டுக்கு அண்மையில் குடிவந்தோம். முன்பக்கம் சிறிய இஸ்தோப்பு உண்டு. பாதையிலிருந்து வீட்டுக்குப் பதினொரு படிகள் இறங்க வேண்டும். கதவுக்கு மேலே உள்ள ஹோல்டரில் 18 வோட் வெள்ளை மின்குமிழ் எரிகிறது. ஆனால் பனி இறங்கும் இரவுகளில் படி தெரிவதேயில்லை. மாமியார் இரண்டு தடவை வழுக்கி விழுந்துவிட்டார். இன்னும் கூடிய வோட் மின்குமிழ் போடலாமா? கடையில் பார்த்த பெரிய லாந்தர் விளக்கை வாங்குவோம் என்கிறாள் மகள். – ஆசிரியை ஒருவர், பொகவந்தலாவை.

பதில்: கூட்ட வேண்டாம், அம்மா. இப்போது இருப்பதையும் குறைக்க வேண்டும் என்பதே என் பதில். காரணத்தைச் சொல்லாவிட்டால் நீங்கள் நம்பமாட்டீர்கள் என்பதால் சற்று விரிவாக எழுதுகிறேன்.

மூடுபனி என்பது காற்றில் மிதக்கும் நுண்ணிய நீர்த்துளிகள். மறைப்பில்லாத மின்குமிழின் ஒளி நாலாபக்கமும் பரவி இத்துளிகளில் பட்டுச் சிதறுகிறது. சிதறியதில் ஒரு பங்கு உங்கள் கண்ணுக்கே திரும்பி வருகிறது. அதனால் கண்ணுக்கும் படிக்கும் நடுவே வெள்ளைத் துணியைத் தொங்கவிட்டது போல் ஆகிவிடுகிறது. மின்குமிழின் வலுவைக் கூட்டினால் படியில் விழும் ஒளி கூடும் என்பது சரி. ஆனால் அந்தத் துணியும் அதே அளவுக்கு வெளுத்துவிடும், போதாததற்கு நேரே கண்ணில் படும் பிரகாசத்தால் கண்மணியும் சுருங்கிவிடும். இன்றிரவே ஒரு சோதனை செய்து பாருங்கள். பாதையோரத்தில், மேற்படியில் நின்றுகொண்டு, மின்குமிழ் மாத்திரம் தெரியாதபடி உள்ளங்கையால் மறையுங்கள். சற்றுமுன் தெரியாத படிகள் ஓரளவுக்காவது தெரியத் தொடங்கும். அந்த உள்ளங்கையின் வேலையைச் செய்யும் விளக்கைத்தான் நீங்கள் வாங்க வேண்டும்.

மஞ்சள் வெளிச்சம் பனியை ஊடுருவும் என்று சாரதிமார் கூறுவதை நீங்களும் கேட்டிருக்கலாம். பனித்துளி ஒளியின் அலைநீளத்தைவிடப் பல மடங்கு பெரியது. ஆகையால் அது மஞ்சளையும் நீலத்தையும் ஏறக்குறைய ஒரே விதமாகவே சிதறடிக்கிறது. மஞ்சள் சார்ந்த ஒளியில் கண் கூசுவது குறைவு, அவ்வளவுதான். வாகனங்களின் பனிவிளக்கை முன்பக்கத்தில் தாழ்வாகப் பொருத்தி, ஒளியைத் தரையோடு ஒட்ட வீசவிடுகிறார்களே, அந்த ஏற்பாடே உதவுகிறது. உங்கள் படிக்கட்டுக்கும் அதே ஏற்பாடுதான் வேண்டும்.

படியின் ஒரு பக்கத்தில் அணைச்சுவர் இருக்கும் என எண்ணுகிறேன். சரிவில் கட்டிய வீடுகளில் பெரும்பாலும் இருக்கும். அந்தச் சுவரில், படியின் மட்டத்திலிருந்து ஓர் அடி உயரத்தில், ஒளி கீழ்நோக்கி மாத்திரம் விழும் சிறிய விளக்குகள் மூன்றைப் பொருத்துங்கள். ஒவ்வொன்றும் 2 அல்லது 3 வோட் இருந்தால் போதும். ஒன்று முதற்படியிலும் ஒன்று கடைசிப் படியிலும் கட்டாயம் இருக்க வேண்டும். ஏனெனில் மனிதர்கள் தடுமாறுவது பெரும்பாலும் படி தொடங்கும் இடத்திலும் முடியும் இடத்திலும்தான். பக்கவாட்டில் தாழ்வாக வரும் ஒளியில் ஒவ்வொரு படியின் விளிம்பும் ஒரு நிழலைப் போடும். அந்த நிழலைக் கொண்டே கால் படியை அறிகிறது. கதவுக்கு மேலிருந்து நேரே வரும் ஒளி எல்லாப் படிகளையும் ஒரே சாய்ந்த தரை போலக் காட்டிவிடும். விளிம்புகளில் இரண்டங்குல அகலத்துக்கு வெள்ளைப் பெயின்ட் அடிப்பதும், பாசியைச் சுரண்டி எடுப்பதும் விளக்கைவிட மலிவானவை. மாமியாருக்காக அவற்றை முதலில் செய்யுங்கள்.

இனிக் கதவடி விளக்கு. அதற்கு இரண்டு வேலைகள் உள்ளன: பூட்டின் துவாரத்தை வீட்டார் காண வேண்டும், வந்தவரின் முகத்தை உள்ளே இருப்பவர் காண வேண்டும். கதவுக்கு நேர் மேலே விளக்கு இருந்தால், வந்தவரின் நெற்றி பளிச்சென்று தெரியும், கண்ணும் வாயும் நிழலில் கிடக்கும்; பூட்டைத் திறக்கக் குனிபவரின் தலை தன் நிழலையே பூட்டின் மீது போடும். ஆகவே விளக்கைக் கதவின் பக்கத்துச் சுவருக்குக் கொண்டுவாருங்கள். ஒரு விளக்குத்தான் என்றால் கைப்பிடி உள்ள பக்கத்தில் வையுங்கள். தரையிலிருந்து ஐந்தரை அடிக்கும் ஆறு அடிக்கும் இடைப்பட்ட உயரத்தில், அதாவது கண்மட்டத்துக்குச் சற்று மேலே, விளக்கின் நடுப்பகுதி அமைய வேண்டும். அவ்வுயரத்தில் மின்குமிழ் வெறுமனே தெரிந்தால் கண்ணைக் கூசும். எனவே பால் நிறக் கண்ணாடி உடையதாகவோ, ஒளியைச் சுவரோடு கீழே இறக்கும் மூடியுடையதாகவோ பார்த்து வாங்குங்கள்.

வலு எவ்வளவு? பழைய 40 வோட் குண்டு மின்குமிழ் ஏறத்தாழ 450 லூமன் ஒளி தந்தது; இன்று 5 வோட் எல்.ஈ.டி. அதைத் தருகிறது. உங்கள் இஸ்தோப்புக்கு அது தாராளம். பெட்டியில் வோட்டைப் பார்க்காமல் லூமனைப் பார்க்கப் பழகிக்கொள்ளுங்கள். வோட் என்பது விளக்கு உண்ணும் அளவு. லூமன் என்பது அது நமக்குத் தரும் அளவு.

மகளின் லாந்தர் பற்றி. வாசலில் ஒற்றை விளக்கு என்றால் கதவு உயரத்தின் மூன்றில் ஒரு பங்கும், இருபக்கமும் இரண்டு என்றால் ஒவ்வொன்றும் நான்கில் ஒரு பங்கும் இருக்கலாம் என ஒரு கணக்கு உண்டு. ஏழடிக் கதவுக்கு அது 28 அங்குலமும் 21 அங்குலமும் ஆகும். இந்தக் கணக்கு நீண்ட முற்றமும் தூரத்துக் கேற்றும் உள்ள பெரிய வீடுகளுக்காக உண்டானது. பாதையிலிருந்து பதினொரு படி தள்ளியிருக்கும் வீட்டில், சிறிய இஸ்தோப்பில், 28 அங்குல லாந்தரை மாட்டினால் வீடு விளக்கில் தொங்குவது போலிருக்கும். பத்து முதல் பன்னிரண்டு அங்குல உயரமுள்ள சுவர் லாந்தர் ஒன்றை, பால் கண்ணாடியோடு, மகளையே தெரிந்தெடுக்கச் சொல்லுங்கள். தொங்கும் விளக்கு மாத்திரம் வேண்டாம். அதன் அடிப்பாகம் தரையிலிருந்து ஏழடிக்குக் குறையாமல் இருக்க வேண்டும் என்பது விதி; நம் பக்கத்தில் குடையோடு வருபவரையும் கணக்கில் எடுக்க வேண்டும். என் பழைய வீட்டில் ஏழடியில் தொங்கிய கண்ணாடிக் கூண்டு ஒன்று, விருந்துக்கு வந்த உறவினர் வாசலிலேயே குடையை உதறி மடக்க முயன்றபோது உடைந்தது. அவர் இன்றும் அதை நினைவுபடுத்தி வருந்துகிறார். குற்றம் விளக்கை அங்கே தொங்கவிட்ட என்னுடையது.

கேள்வி: பண்டாரவளையில் உல்லாசப் பயணிகளுக்கு அறைகள் வாடகைக்கு விடுகிறோம். வாசலில் பொருத்திய இரண்டு இரும்பு லாந்தர்களும் ஒரு வருடத்துக்குள் துருப்பிடித்துச் சுவரில் செந்நிறக் கோடுகளை இறக்கிவிட்டன. கண்ணாடிக்கு உள்ளே நீர் தேங்குகிறது. ‘வோட்டர் புரூஃப்’ என்று சொல்லித்தான் விற்றார்கள். எதைப் பார்த்து வாங்குவது?

பதில்: நானும் அப்படி ஏமாந்தவன்தான். கறுப்புப் பெயின்ட் பூசிய தகரத்தை வார்ப்பிரும்பு என நம்பி ஒரு கடையில் வாங்கினேன். எட்டு மாதம் தாங்கியது. அதன் பிறகு வாய்ச்சொல்லைக் கேட்பதை விட்டு, விளக்கின் உடம்பிலோ பெட்டியிலோ அச்சிட்டிருக்கும் ஐ.பி. என்ற எழுத்துகளையும் அவற்றை அடுத்து வரும் இரண்டு இலக்கங்களையும் பார்க்கத் தொடங்கினேன். முதல் இலக்கம் தூசு, பூச்சி போன்ற திடப்பொருட்கள் புகாத அளவைக் குறிக்கும்; 6 என்பது தூசு அறவே புகாது என்பதாகும். இரண்டாவது நீருக்கு உரியது. 0 என்றால் காப்பு இல்லை; 4 என்றால் எந்தத் திசையிலிருந்து நீர் தெறித்தாலும் தாங்கும்; 5 என்றால் குழாயிலிருந்து பீய்ச்சும் நீரையும் தாங்கும். வீட்டுக்குள் மாட்டும் விளக்குகள் பெரும்பாலும் ஐ.பி. 20 ஆக இருக்கும். அழகுக்காக அவற்றை வாங்கி வாசலில் மாட்டிவிடுகிறோம்.

எந்த இலக்கம் வேண்டும் என்பது உங்கள் வாசல் எந்தத் திசையைப் பார்க்கிறது, மலையின் எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்பவற்றைப் பொறுத்தது. ஹட்டன், வட்டவளை, கினிகத்தேனை போன்ற மேற்குச் சரிவு ஊர்களில் மே முதல் செப்டெம்பர் வரையிலான தென்மேற்குப் பருவமழை காற்றோடு சேர்ந்து கிட்டத்தட்டக் கிடையாகவே அடிக்கும். பதுளை, பசறை, பண்டாரவளைப் பக்கத்துக்கு டிசெம்பர் முதல் பெப்ரவரி வரையிலான வடகீழ்ப் பருவமழையே முக்கியமானது. கூரை மூன்று நான்கு அடி நீண்டு வாசலைக் காக்குமானால் ஐ.பி. 44 போதும். மழை நேரே அடிக்கும் சுவர், கேற்றுத் தூண், படிக்கட்டு ஆகியவற்றுக்கு ஐ.பி. 65 வாங்குங்கள். உங்கள் வாசல் வடகிழக்கைப் பார்க்குமானால் கூரையை நம்பாமல் 65 இலக்கத்தையே கேளுங்கள்.

உலோகத்தில், வார்ப்பு அலுமினியம் நம் ஈரத்துக்கு நன்கு நின்றுபிடிக்கும். பித்தளை துருப்பிடிக்காது, பச்சையாகக் களிம்பு ஏறும், புளி போட்டுத் தேய்க்க ஆளிருந்தால் அதைவிட அழகு வேறில்லை. துருப்பிடிக்காத உருக்கு நல்லது. ஆனால் அதை மாட்டும் திருகாணி சாதாரண இரும்பாக இருந்தால் அந்த ஆணியிலிருந்தே செந்நிறக் கோடு இறங்கும். உங்கள் சுவரில் உள்ள கோடுகளில் சில அப்படி வந்தவையாகவும் இருக்கலாம். கடையில் காந்தம் ஒன்றை விளக்கில் வைத்துப் பாருங்கள். அலுமினியத்திலும் பித்தளையிலும் ஒட்டாது. அலுமினியம் என்று கூறி விற்பதில் அது ஒட்டினால் திரும்பி வந்துவிடுங்கள்.

உள்ளே தேங்கும் நீர் எல்லாம் மழை நீர் அல்ல. விளக்கு எரியும்போது உள்ளிருக்கும் காற்று சூடேறி விரிந்து வெளியேறுகிறது. அணைத்ததும் குளிர்ந்து சுருங்கி, வெளியே உள்ள ஈரக்காற்றை உள்ளே இழுக்கிறது. பின்னிரவுக் குளிரில் அந்த ஈரம் கண்ணாடியில் துளியாகப் படிகிறது. நல்ல விளக்குகளின் அடிப்பாகத்தில் இந்நீர் வடிய ஒரு சிறு துவாரம் இருக்கும். ஓட்டை என்று நினைத்து அதை சிலிக்கோன் கொண்டு அடைத்துவிடுகிறார்கள். அதை அடைக்கக் கூடாது. சுவரோடு விளக்கு பொருந்தும் இடத்திலும் இதே முறைதான்: மேற்பக்கத்தையும் இரு பக்கங்களையும் சிலிக்கோனால் அடைத்து, கீழ்ப்பக்கத்தைத் திறந்து விடச் சொல்லுங்கள். மேலிருந்து நீர் புகாது; தப்பித்தவறிப் புகுந்தது கீழே வடிந்துவிடும். வயரும் விளக்குக்குள் மேலிருந்து நேரே இறங்காமல், ஒரு வளைவு கீழே தாழ்ந்து பின் மேலேறி நுழைய வேண்டும். வயரோடு வழியும் நீர் அந்த வளைவின் அடியில் சொட்டிப்போகும்.

இன்னொரு விடயம். முற்றிலும் மூடிய லாந்தருக்குள் பெரிய எல்.ஈ.டி. மின்குமிழைப் போட்டால் சூடு வெளியேற வழியில்லாமல் அதன் ஆயுள் குறையும். நம் குளிரில் கொழும்பை விடச் சற்றுத் தாங்கும். ஆயினும் 7 வோட்டுக்கு மேல் போகாதீர்கள்.

கேள்வி: மழை தொடங்கினால் வாசல் விளக்கைச் சுற்றி ஈசல், காலையில் கூட்டி அள்ள வேண்டியிருக்கிறது. எந்த நிற வெளிச்சம் நல்லது? – குடும்பத் தலைவி, தலவாக்கலை.

பதில்: பூச்சிகளின் கண் நீலத்தையும் புற ஊதாவையும் அதிகம் உணரும். பெட்டியில் 6500 கெல்வின் அல்லது டேலைட் என்றிருப்பதில் நீலம் மிகுதி. 2700 அல்லது 3000 கெல்வின், அதாவது வோர்ம் வைட் என்றிருப்பதை வாங்குங்கள். பூச்சி அறவே வராமல் போகாது, கண்கூடாகக் குறையும். ஈசல் கிளம்பும் மாலையில் அந்த ஒரு மணி நேரம் வாசல் விளக்கை அணைத்துவிடுவதே மிகச் சிறந்த மருந்து.

தோட்டங்களில் நாம் பொதுவாகக் குளவி என்றே சொல்லும் பெரிய மலைத்தேனீ, நிலவு வெளிச்சத்திலும் பறக்கக்கூடியது. இரவு விளக்கை நாடியும் வரும். அருகிலுள்ள மரத்தில் கூடு இருந்தால், அந்தத் திசைக்குத் தெரியும்படியாக வெள்ளை விளக்கு எரிவதை அவசியம் தவிர்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: நான் கொழும்பில் வேலை செய்கிறேன். அப்பாவும் அம்மாவும் மஸ்கெலியாவில் லயத்து வீட்டில் இருக்கிறார்கள். பழைய வயரிங் என்பதால் புதிதாக ஒரு விளக்கு இழுக்கப் பயமாக இருக்கிறது. 200 வோட் சோலார் விளக்கு ஒன்றை, ஆள் வந்தால் தானாக எரியும் சென்சரோடு, குறைந்த விலைக்கு விற்கிறார்கள். வாங்கி அனுப்பலாமா?

பதில்: மவுசாகலை நீர்த்தேக்கத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும் லயத்துக்கு, அந்நீரில் பிறக்கும் மின்சாரத்தை நம்ப முடியாமல் சூரிய விளக்கு தேட வேண்டியிருக்கிறது. அது தனிக் கதை. உங்கள் பயம் நியாயமானது; லயங்கள் தீப்பற்றும்போது மின்னொழுக்கே காரணமாகச் சொல்லப்படுவதை அடிக்கடி செய்திகளில் படிக்கிறோம். ஒரு பழைய வயரில் இன்னும் ஒரு கிளையை முறுக்கிவிடாமல் சோலார் பக்கம் போக நினைத்தது நல்ல யோசனை.

ஆனால் அந்த 200 வோட்டை நம்பாதீர்கள். கணக்கு எளிது. உச்சி வெயிலில் ஒரு சதுர மீற்றர் பரப்பில் விழும் சூரிய சக்தி ஏறத்தாழ 1,000 வோட். அந்த விளக்கின் தகடு 15 சென்றிமீற்றர் நீளமும் அதே அகலமும் இருக்கும் என்று வைத்துக்கொண்டால், அதன் மீது விழுவது 22 வோட் அளவு. நல்ல தகடு அதில் ஐந்தில் ஒரு பங்கை மின்சாரமாக்கும். ஆக, பளிச்சென்ற வெயிலிலேயே 4 அல்லது 5 வோட்தான் பெறுகிறது. மஸ்கெலியாவில் ஜூன், ஜூலை மாதங்களில் வெயிலைக் காணாமலே நாட்கள் கழியும். அப்போது அதில் ஒரு சிறு பங்குதான் கிடைக்கும்.

ஆகவே மூன்றைக் கவனியுங்கள். முதலாவது, தகடும் விளக்கும் தனித்தனியாக இருந்து, இடையே மூன்று நான்கு மீற்றர் வயர் உள்ளதாகப் பாருங்கள். ஒன்றோடொன்று சேர்ந்ததைக் கூரைக்கடியில் மாட்டினால் தகட்டுக்கு வெயில் படாது. தகட்டைத் தகரக் கூரையின் மீது, இலேசான சாய்வோடு வைக்கலாம். இலங்கைக்கு மேலே சூரியன் கிட்டத்தட்ட உச்சியில் செல்வதால் அதிகச் சாய்வு தேவையில்லை. மழை தூசைக் கழுவிப்போகும் அளவு போதும். மலைநாட்டில் பிற்பகல் பெரும்பாலும் முகில் சூழ்வதால், காலை வெயில் தடையின்றிப் படும் பக்கத்தைத் தெரிந்தெடுக்கச் சொல்லுங்கள். இரண்டாவது, மின்கலம். பெட்டியில் உள்ள வோல்ட்டையும் அம்பியர்-மணியையும் பெருக்கினால் அதில் சேமிக்கக்கூடிய அளவு வரும்: 3.2 வோல்ட், 5 அம்பியர்-மணி என்றால் 16 வோட்-மணி. அதைக் கொண்டு 3 வோட் விளக்கு ஐந்து மணி நேரம் எரியும். அதற்கு மேல் இல்லை. மூன்றாவதாக, சென்சர் உள்ளதையே வாங்குங்கள். ஆளில்லா நேரத்தில் மங்கலாக எரிந்து, ஆள் வரும்போது மாத்திரம் முழு ஒளி தந்தால்தான் இத்தனை சிறிய சேமிப்பு விடியும்வரை தாங்கும்.

சென்சர் எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்தால் அதை எங்கே மாட்டுவது என்பதும் தெரிந்துவிடும். அது உடம்பின் வெப்பம் ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு நகர்வதைத்தான் உணர்கிறது. அதன் முன்னால் குறுக்கே நடப்பவரைச் சட்டென்று பிடிக்கும். அதை நோக்கி நேரே வருபவரைத் தாமதித்தே பிடிக்கும். எனவே ஆறு முதல் எட்டு அடி உயரத்தில், நடைபாதை அதற்குக் குறுக்காகச் செல்லுமாறு திருப்பி மாட்ட வேண்டும். குடையும் மழைச்சட்டையும் உடம்பின் வெப்பத்தை மறைப்பதால் கடும் மழையில் அது பிந்தலாம். லயத்து நாய்களுக்கும் அது எரியும். அது ஒரு குறையா என்று தெரியவில்லை. சிறுத்தை நாயைத் தேடி வரும் தோட்டங்களில், கதவைத் திறக்குமுன் வெளியே ஒன்று நடமாடுகிறது என அறிவது நல்லதுதான். எதிர் வரிசை வீட்டாரின் காம்பராவுக்குள் வெளிச்சம் அடிக்காதபடி முகத்தைக் கீழே சாய்த்துவிடச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் அந்தச் சண்டையைத் தீர்க்க நீங்கள் கொழும்பிலிருந்து வரவேண்டியிருக்கும்.

கேள்வி: மழை நாட்களில் வாசல் விளக்கின் உலோகப் பகுதியைத் தொட்டால் விரலில் சுறுசுறு என்கிறது. பரவாயில்லையா? – இராகலை.

பதில்: பரவாயில்லை என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். இதைப் படித்ததும் அந்த விளக்கின் இணைப்பை மெயின் சுவிட்சில் துண்டித்துவிட்டு, தகுதியுள்ள வயரிங் பாஸ் ஒருவரை அழையுங்கள். 230 வோல்ட் மின்சாரம் விளக்கின் உடம்புக்கு ஒழுகுகிறது. உடம்பு எர்த் வயரோடு இணைக்கப்படவில்லை, அல்லது இணைப்பு அற்றுப்போயிருக்கிறது. வீட்டில் 30 மில்லி அம்பியர் ட்ரிப் சுவிட்ச், அதாவது மின்சாரம் ஒழுகினால் தானாகவே இணைப்பைத் துண்டிக்கும் சுவிட்ச், இருந்தும் இப்படி நேர்ந்தால் அது பழுதா என்றும் பார்க்க வேண்டும். அதிலுள்ள சோதனைப் பொத்தானை மாதம் ஒருமுறை அழுத்தினால் உடனே விழ வேண்டும். எர்த் வயரே இழுக்காத பழைய வீடாயின், உலோக விளக்கைக் கழற்றிவிட்டு, சதுரத்துக்குள் சதுரம் வரைந்த குறியுள்ள பிளாஸ்டிக் உடம்பு விளக்கைப் பொருத்தலாம். இரட்டைக் காப்பிடப்பட்டது என்பதே அக்குறியின் பொருள்.

கேள்வி: இரவு முழுவதும் வாசல் விளக்கு எரிந்தால் பில் எவ்வளவு கூடும்? சில நாட்களில் மாலையில் அது மினுக்கி மினுக்கி எரிவதேன்?

பதில்: பன்னிரண்டு மணி நேர இரவு, முப்பது நாட்கள் என வைத்தால் பழைய 60 வோட் குண்டு மின்குமிழ் 21.6 அலகு உண்ணும். 9 வோட் எல்.ஈ.டி. 3.24 அலகு, 5 வோட் 1.8 அலகு. வீட்டுப் பாவனைக் கட்டணம் 30, 60 என்று படிப்படியாக ஏறுவதால், விளிம்பில் நிற்கும் வீட்டுக்கு அந்த 20 அலகு வித்தியாசம் பெரியது. மினுக்கத்துக்குக் காரணம் பெரும்பாலும் மாலையில் எல்லா வீடுகளிலும் பாவனை கூடி, மின்கம்பி முடியும் பக்கத்தில் வோல்ட் குறைவது. பெட்டியில் 165 முதல் 265 வோல்ட் என்பது போன்ற அகன்ற எல்லை அச்சிட்ட மின்குமிழ் அப்போதும் நிலையாக எரியும். வாங்கும்போது ஹோல்டர் பின் வகையா திருகு வகையா என்று பார்த்துக்கொண்டு போங்கள். இரண்டும் நம் கடைகளில் உண்டு.

கேள்வி: எங்கள் நிலைவாசலின் வலப்பக்கச் சுவரில் தாத்தா காலத்து விளக்கு மாடம் இருக்கிறது. அந்த இடத்தில் மின்விளக்கைப் பதிக்கலாம் என்கிறார் மேசன் பாஸ். கரண்ட் போகும் நாட்களில் அம்மா அங்கேதான் குப்பி விளக்கை வைக்கிறார். என்ன செய்வது? – நோர்வூட்.

பதில்: மாடத்தை விட்டுவிடுங்கள். அதன் ஆழத்தில் பதித்த மின்விளக்கு மாடத்தின் உட்சுவரைத்தான் அழகாகக் காட்டும். கதவுக்கும் படிக்கும் ஒளி வராது. மின்விளக்கை நிலையின் இடப்பக்கத்தில், நான் முதற்பதிலில் சொன்ன உயரத்தில் பொருத்துங்கள்.

குப்பி விளக்கு விடயத்தில் கவனம் தேவை. காலிப் போத்தலில் திரி போட்டுச் செய்தது, உயரமும் பாரமின்மையும் காரணமாக எளிதில் சரியும். சரிந்தால் மண்ணெண்ணெய் கொட்டித் தீப்பற்றும். இப்படி எரிகாயம் பட்டு வந்தவர்களுக்குச் சிகிச்சை அளித்த நம் நாட்டு அறுவைச் சிகிச்சை நிபுணர் விஜய கொடகும்புர, குள்ளமான, கனத்த கண்ணாடியில், உருளாதபடி இருபக்கமும் தட்டையாக, திருகிப் பூட்டும் உலோக மூடியோடு ஒரு பாதுகாப்பான குப்பி விளக்கை வடிவமைத்தார். அதற்காக 1998 இல் ரோலெக்ஸ் விருதும் பெற்றார். குப்பி விளக்கே வேண்டும் என்று அம்மா சொன்னால் அந்த வடிவத்தில் தேடுங்கள். மின்வெட்டுக்கு மாத்திரம்தான் என்றால், மின்சாரம் போனதும் தன் சிறிய மின்கலத்தில் தானாகவே எரியும் எல்.ஈ.டி. மின்குமிழ் இப்போது கடைகளில் கிடைக்கிறது. வாசல் ஹோல்டரில் அதைப் போட்டு, சுவிட்சை எப்போதும் போட்டே வைத்திருந்தால் போதும்.

மாடத்தில் அகல் மட்டும் எரியட்டும். கார்த்திகை தீபத்தன்று மின்விளக்கு பக்கத்திலேயே எரிந்தால் அகலின் ஒளி இருப்பதே தெரியாது. ஆகையால் வாசல் விளக்கை இஸ்தோப்பின் மற்ற விளக்குகளோடு சேர்க்காமல், அதற்கென்று தனி சுவிட்ச் ஒன்றைக் கதவின் உட்பக்கத்தில் வைக்கும்படி வயரிங் பாஸிடம் இப்போதே சொல்லிவிடுங்கள். சுவர் பூசிய பிறகு கேட்டால் அவர் சுவரை மறுபடி கொத்த வேண்டியிருக்கும்.